ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு கேள்வி

இந்தத் தேர்வில் தேறியவர்கள் எல்லோரும் உங்களிடம் பேசியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மாட்டுங்கா சங்கத்து மாடியில் ஞாயிறுதோறும் உங்களை உட்கார வைத்து, எப்படிப் படித்தோம், எப்படித் தேறினோம் என்று ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி பாக்கி நான்தான். ஆடிட்டர் சர்டிபிகேட்டுக்கான அந்தத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் தோற்றேன். தேறியவர்களுக்குத் தாங்கள் ஏன் தேறினோம் என்று உண்மையில் தெரியாது. காலையில் எழுந்து படித்தேன், கடவுள் அருள் என்பார்கள். தோற்றவளைக் கேளுங்கள், எந்த இடத்தில் வழுக்கியது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள்.

நேரில் வந்து பேசத்தான் கூப்பிட்டார்கள். மேடை ஏறினால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்றேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதும் தெரியும். அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாக்களே, வாசிக்கும்போது நடுநடுவே "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொந்தச் சரக்கைச் சேர்க்க வேண்டாம்.

வாஷியில் ஒரு மருந்து விநியோகக் கம்பெனியில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. உள் ஆடிட் துறை. கம்பெனிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கம்பெனியையே சோதிக்கிற வேலை. நாங்கள் கேன்டீனில் போய் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் பேச்சு நிற்கும், சூடான டீயை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்து போவார்கள். துறை என்றதும் பெரிய கூடத்தை நினைக்காதீர்கள். துறையில் மொத்தம் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி செல்வி.

செல்வி தாராவிப் பெண். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தொண்ணூறடி ரோட்டில். வேலையில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. அந்த வாய்தான் ஆரம்பத்தில் தொல்லை. சோதனைக்குப் போகிற இடத்தில் கேள்வியை மட்டும் கேட்க மாட்டாள், பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். "குடோன் சாவி ரெண்டு பேருட்ட இருக்குலா, அதான சார் இப்படி ஆயிருக்கு?" என்று இவளே எடுத்துக் கொடுத்தால் எதிரில் இருப்பவன் என்ன செய்வான்? ஆமாம் மேடம் அதேதான் என்று தலையாட்டுவான். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் தொண்டையைச் செருமி ஓர் இருமல் இருமினால் செல்வி நிறுத்த வேண்டும். வருஷக்கணக்கில் பழகி, பாதி வாக்கியத்தில் இருந்தாலும் என் இருமல் கேட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. இந்த இருமலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு ஒரு புது டைரக்டர் வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, மிகவும் மரியாதையாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இனி ஆடிட் துறையில் சர்டிபிகேட் உள்ள ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நான் ஓய்வு பெறும் நாளில் அப்படி யாரும் இல்லையென்றால் துறையை மூடி, வேலையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவார்கள். "செல்வியை வேலையை விட்டு அனுப்ப மாட்டோம், பயப்படாதீர்கள்" என்றார். "அம்பர்நாத் குடோனில் ஸ்டாக் பார்க்க ஆள் தேவைப்படுகிறது."

அவருக்கு அது நல்ல சேதி. செல்விக்கு அது வேலை போன சேதி. அவளுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. தாராவியில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வருவாள், சாயங்காலம் அவர்கள் கதவைச் சாத்துவதற்குள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். கணவர் வாடகை வண்டி ஓட்டுகிறவர், எந்த நேரம் வீட்டுக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. வாஷியிலிருந்து ஓடினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அம்பர்நாத்திலிருந்து முடியவே முடியாது. நான் சர்டிபிகேட் வாங்கி ஒரு பயனும் இல்லை, அது என்னோடேயே வீட்டுக்கு வந்துவிடும். தேற வேண்டியவள் செல்வி.

"நீங்களும் எழுதுங்கக்கா" என்றாள். "நீங்க பக்கத்துல உக்காந்து எழுதுனா நானும் எழுதுதேன். தனியா அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா எனக்குக் கை ஓடாது."

சரி என்றேன். இத்தனை வருஷம் பார்க்காத ஆடிட்டா, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டு வரலாம் என்று ஒரு திமிரும் உள்ளே இருந்தது.

புத்தகம் வந்தது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். நாங்கள் அதைப் பார்த்த பார்வையிலேயே முதல் கோளாறு ஆரம்பித்தது. ஆடிட்டரின் முன்னால் ஒரு மூட்டை பில்லைப் போட்டால் அவர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. நடுவிலிருந்து கொஞ்சம் உருவி, அது ஒழுங்காக இருந்தால் மூட்டையும் ஒழுங்கு என்று எழுதுவார். எங்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். புத்தகத்தையும் அதே மாதிரி சாம்பிள் எடுத்தோம். அத்தியாயங்களின் பெயரைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தோம். சீட்டில் வந்ததை மட்டும் படித்தோம். நன்றாகப் புரிந்தது. ஆகவே மொத்தப் புத்தகமும் புரிந்துவிட்டது என்று முடிவுக்கு வந்தோம்.

அதோடு விட்டோமா? வந்த சீட்டுகளையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஒருவர் சோதித்ததை இன்னொருவர் நம்பலாம் என்பது எங்கள் தொழில் முறை. "நான் படித்த அளவில் கவலைப்படும்படியாக எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை" என்று அவள் எனக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நானும் அவளுக்கு அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் கோப்பில் வைத்தோம். அதைவிட நேர்த்தியான கோப்பு எங்கள் துறையில் இருந்ததில்லை. கோப்பைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது ஒன்றுதான் குறை.

சிரிக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேர் போன வருஷக் கேள்விகளை மட்டும் நண்பனிடம் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

தேர்வு செம்பூரில், ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி. வாசலில் ஒருவர் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி உற்றுப் பார்த்தார், என் கொண்டை ஊசியைக்கூடச் சந்தேகப்பட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சோதித்த எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. ஆனாலும் அவர் வேலை சுத்தமாக இருந்தது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

பாதித் தேர்வு வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. ஓர் அலுவலகத்தில் சர்வர் வைத்திருக்கும் அறை தரைத்தளத்தில் இருக்கிறது. வாசல் வழியாக வருகிறவர் போகிறவர் எல்லோரும் அந்த அறையைக் கடந்துதான் போகிறார்கள். மிகப் பெரிய ஆபத்து எது? நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் என்று அழுத்தினேன். தரைத்தளம் என்றால் தண்ணீர்தானே? மழைக்காலத்தில் குர்லாவையும் சயானையும் பார்த்த ஒரு ஜீவன் வேறு என்ன சொல்லும்?

அழுத்திவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் கேள்வியில் கோளாறு இருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. எந்த ஊர் என்று சொல்லவில்லை, மழைக்காலமா என்று சொல்லவில்லை, கட்டடத்தின் எதிரே சாக்கடை இருக்கிறதா என்று சொல்லவில்லை. கேள்வியைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளே, ஓர் ஆடிட்டரின் முன்னால் கருத்துப் பெட்டியைத் திறந்து வைப்பது பெரிய பாவம். நான் முறைப்படி எழுத ஆரம்பித்தேன். கண்டறிந்தது என்ன, அதனால் வரும் ஆபத்து என்ன, பரிந்துரை என்ன, நிர்வாகத்தின் பதில் எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு தடவை படித்து, மொழியைக் கொஞ்சம் சாந்தமாக்கி, மறுபடியும் படித்துத் திருப்தியாக அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், பாக்கிக் கேள்விகளைத் தொடுவதற்கு நேரம் இல்லை. தோல்வி என்று திரை சொன்னது. என் பரிந்துரைக்கு நிர்வாகத்தின் பதில் இன்றுவரை வரவில்லை.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை, கண்ட ஆளும் அறைக்குள் நுழைய முடியும் என்பது. அதைக் கேள்வியே சொல்கிறது, எல்லோரும் அதைக் கடந்து போகிறார்கள் என்று. மழையைக் கொண்டுவந்தவள் நான். கேள்வியில் இருப்பதை மட்டும் படியுங்கள். உங்கள் ஆபீஸ், உங்கள் மேனேஜர், உங்கள் ஊர் மழை எல்லாவற்றையும் பையோடு சேர்த்து வெளியே லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள்.

செல்வி தோற்ற கதை வேறு. அவள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டாள், நேரமும் மிஞ்சியது. மிஞ்சிய நேரத்தில் முதலிலிருந்து திரும்பிப் போய்ச் சரிபார்த்திருக்கிறாள். அலுவலகத்தில் அவள் எழுதும் எதையும் அவளே மறுபடி சோதிக்காமல் வெளியே விட மாட்டாள், நான்தான் அப்படிப் பழக்கினேன். இங்கே சோதிக்கச் சோதிக்கப் பயம் பிடித்து, விடைகளை மாற்றத் தொடங்கிவிட்டாள். வெளியே வந்து புத்தகத்தைப் புரட்டி, ஞாபகத்தில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் விடை பார்த்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல எல்லாஞ் சரியாத்தான் போட்டிருந்தேங்க்கா. பொறவு நானே மாத்திட்டேன். நானே கெடுத்துக்கிட்டேன்."

நான் ஓய்வு பெறுவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவை எழுத இடம் இருந்தது. அதிலும் தோற்றால் அம்பர்நாத்.

அதன்பிறகுதான் ரயிலில் படிப்பது என்று ஆரம்பித்தோம். அலுவலகத்தில் நேரமில்லை, செல்விக்கு வீட்டில் நேரமில்லை, நடுவில் இருந்தது ஹார்பர் லைன் மட்டும்தான். நான் வடாலாவில் ஏறுவேன், அவள் குர்லாவில் ஏறுவாள். காலையில் வாஷிப் பக்கம் போகிற வண்டியில் பெண்கள் பெட்டியில் அதிர்ஷ்டம் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும். நான் கேள்வியைச் சத்தமாக ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து வாசிப்பேன், அவள் விடை சொல்வாள். முதல் வாரம் பக்கத்தில் இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவர்களும் விடை சொல்லத் தொடங்கினார்கள்.

எதிர் சீட்டில் ஒரு டீச்சர் வருவார். நேருலில் ஏதோ பள்ளிக்கூடம், மராத்திக்காரர், பெயரை நான் கேட்டதே இல்லை, பெட்டி முழுக்க அவருக்கு டீச்சர்தான். வாழ்நாள் முழுக்கப் பரீட்சை ஹாலில் நின்று பிள்ளைகளைப் பார்த்தவர். செல்வி ஒரு கேள்வியோடு குர்லாவிலிருந்து கோவண்டி வரை மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு சட்டம் போட்டார். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு கேள்வி. வண்டி கிளம்பும்போது நான் வாசிக்க வேண்டும், அடுத்த ஸ்டேஷனில் நிற்பதற்குள் அவள் விடை சொல்ல வேண்டும். நின்றால் அந்தக் கேள்வி முடிந்தது. மான்கூர்துக்கும் வாஷிக்கும் நடுவே வண்டி கழிமுகத்துப் பாலத்தைத் தாண்ட நேரமாகும், அதனால் நீளமான கேள்விகள் பாலத்துக்கு.

பெட்டியின் விடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி. வேலையை விட்டுப் போன ஒருவரின் பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறது, இதைக் கண்டுபிடித்த ஆடிட்டர் முதலில் என்ன செய்ய வேண்டும்? பெட்டி ஒரே குரலில் "பந்த் கரோ!" என்றது. உடனே மூடு என்றால் மூடு. ஓர் அம்மாள் அதற்கும் ஒரு படி மேலே போய், மூடாமல் விட்டவனை வேலையை விட்டுத் தூக்கு என்றார். ஹேர் கிளிப் விற்றுக்கொண்டு வந்த பெண் போலீஸைக் கூப்பிடச் சொன்னாள். எனக்கும் மூடுவதுதான் சரியாகப் பட்டது.

செல்வி திலக் நகர் வருவதற்குள் சொன்னாள். "அவரு போன பொறவு அத யாராவது உபயோகிச்சிருக்காங்களான்னு மொதல்ல பாக்கணும். மூடுதது நம்ம வேல இல்லல்லா. நாம பாத்துச் சொல்லுத ஆளு."

புத்தகத்தில் இருந்த விடையும் அதுதான். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. இந்தத் தேர்வில் நான்கு விடையும் பார்க்க நல்ல விடையாகத்தான் இருக்கும். அதில் எது பெட்டி கூட்டமாகக் கத்தும் விடையோ, அதை முதலில் நீக்கிவிட வேண்டும். தூக்கு, மூடு, போலீஸைக் கூப்பிடு என்று எதைப் படித்ததும் ரத்தம் சூடாகிறதோ அது உங்களுக்காக விரித்த வலை. கோபம் வந்த பிறகும் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்தான் ஆடிட்டர். இதை எனக்குச் சொல்லித் தந்தது அந்தப் பெட்டி, அதுவும் தவறாமல் தப்பான விடையையே சொல்லி.

செல்வியின் பழைய வியாதி மட்டும் போகவில்லை. கோவண்டியில் உட்கார்ந்துகொண்டு செம்பூர்க் கேள்விக்குத் திரும்பிப் போவாள். "அக்கா, அந்த ரெண்டாவது விடையா இருக்குமோ?" என்று இழுப்பாள். நான் இருமுவேன். இருமலைத் தாண்டியும் சந்தேகம் எட்டிப் பார்த்தால் டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஒரே வார்த்தை சொல்வார். "சோட் தோ." விட்டுவிடு. கொஞ்ச நாளில் பெட்டி முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. செல்வி வாயைத் திறந்து "அந்தக் கேள்வி..." என்றால் போதும், வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும் பெண்கள்கூடத் திரும்பி "சோட் தோ!" என்பார்கள். கேள்வி முடியும்வரை யாரும் கிளிப் வாங்க மாட்டார்கள் என்பதால் கிளிப்காரிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவாள்.

ஒரு நாள் பாலத்தின் மேல் போகும்போது செல்வி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "பாப்பா தெனமும் கேக்காக்கா. 'அம்மா, நீ பாஸா?'ன்னு. பாஸுன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது. நான் வீட்டுல அதையே பொலம்புததக் கேட்டுப் பிடிச்சிருக்கா." டீச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அன்றைக்குப் பாலத்துக் கேள்வி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது தேர்வு ஒரு சனிக்கிழமை. அதே செம்பூர் மாடி, அதே ஆள், அதே கொண்டை ஊசிச் சந்தேகம். எனக்கு ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். செல்வி எனக்கு முன் வரிசையில் சாய்வாக. அவள் முகமோ திரையோ தெரியாது, மவுஸைப் பிடித்த வலது கை மட்டும் நன்றாகத் தெரியும்.

இந்த முறை நான் ஒழுங்காகப் போனேன். குர்லா, திலக் நகர், செம்பூர் என்று மனசுக்குள் வண்டியை விட்டேன். கருத்துப் பெட்டி அங்கேயேதான் இருந்தது, அதன் பக்கம் திரும்பவில்லை. இன்னும் ஒரு கொத்துக் கேள்விகள் பாக்கி இருக்கும்போது தற்செயலாக நிமிர்ந்தேன். செல்வியின் கை ஓய்ந்திருந்தது. முடித்துவிட்டாள். அப்பாடா என்று நினைத்தேன். அப்போது அந்தக் கை மெல்ல நகர்ந்து, கிளிக், கிளிக் என்று பின்னால் போகத் தொடங்கியது.

ஒரே ஓர் இருமல் போதும். சும்மா தொண்டையைச் செருமினால் போதும், அந்தக் கை நின்றுவிடும். காமிராவுக்கும் தெரியாது, வாசல்காரருக்கும் தெரியாது, உலகத்தில் எவனும் ஓர் இருமலை ஆடிட் செய்ய முடியாது. ஓய்வு பெறப்போகிற கிழவி இருமினாள் என்று போவார்கள். ஒரு குழந்தை காப்பக வாசலில் நிற்காமல் இருக்கும்.

இருமவில்லை. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒழுக்கம், நேர்மை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளலாம், அதுவும் உண்டு. அதைவிட, நான் பார்த்தது அவள் கையைத்தான், அவள் திரையை இல்லை. எதற்காகத் திரும்பிப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு "நிறுத்து" என்று கத்துவது பெட்டியின் விடை.

இப்படி முடிவெடுத்து நிம்மதியாகத் திரைக்குத் திரும்பினேன், பாருங்கள், அப்போதுதான் நிஜ இருமல் வந்தது. ஏ.சி. நேராக என் தலைமேல். தொண்டையில் ஓர் எறும்பு ஊர்வது மாதிரி ஆரம்பித்து, அது எறும்புப் புற்றாயிற்று. இருமினால் செல்வி அதை என் சைகை என்றுதான் எடுத்துக்கொள்வாள். உண்மையான இருமல் என்று அவளுக்கு எப்படித் தெரிவிப்பது? வெளியே போய் இருமிவிட்டு வரலாமென்றால், கதவுக்குப் போகும் வழி செல்வியின் காதோரமாக. பாதி வழியில் வெடித்தால் போச்சு. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, திரையில் எழுத்துகள் நீந்தின. மேற்பார்வைக்காரப் பெண் வந்து குனிந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தீர்ந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். தோற்றுவிடுவோம் என்று அழுகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டு அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். பாக்கிக் கேள்விகளில் ஒன்றைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. நேரம் முடிந்தது. தோல்வி என்று திரை சொல்லிற்று, எனக்கு அது அந்த நேரத்தில் பொருட்டாகவே இல்லை. கதவைத் தாண்டி, படியில் ஒரு மாடி இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன் பாருங்கள். கீழேயிருந்து வாட்ச்மேன் தண்ணீரோடு ஓடி வந்தார்.

தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது செல்வி இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"பாஸுக்கா."

நான் தம்ளரை வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பக்கம் பார்க்காமலே நீட்டியதில் பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.

"பின்னால போனியே? கையப் பாத்தேன்" என்றேன்.

"போனேன். கை தானாப் போச்சு. ஒங்க இருமல் வரும், நிறுத்திருவோம்னு பாத்தேன். வரவே இல்ல. சரி, அக்கா ஒண்ணுஞ் சொல்லல, நாமதான் பாத்துக்கிடணும்னு ஒவ்வொண்ணாப் பாத்தேன். பயத்துல மாத்தத் தோணுனதெல்லாம் சோட் தோன்னு விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்துனேன். அதுல 'முதலில்'ங்கிற வார்த்தையவே பாக்காம எழுதியிருந்தேன். கேள்வியையே தப்பாப் படிச்சிருந்தேன்க்கா."

நான் இருமியிருந்தால் அந்தத் தப்பு அப்படியே நின்றிருக்கும். அந்த ஒன்றினால் தேறினாளா, அது இல்லாமலும் தேறியிருப்பாளா, அது எங்களுக்குத் தெரியாது. பயந்து மாற்றாதீர்கள், கேள்வியைத் தப்பாகப் படித்திருந்தால் மட்டும் மாற்றுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது அவள் அன்றைக்குப் படியில் உட்கார்ந்து சொன்னதுதான்.

"ஒங்களுக்கு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். இருமல் என்றேன். முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, நெஜமா இருமல் வந்தா இருமித் தொலைக்க வேண்டியதுதான? கல்லு மாதிரி உக்காந்து அடக்கிட்டு இருந்தியளா?"

"இருமியிருந்தா உன் சர்டிபிகேட்ல பாதி என் இருமலுக்குப் போயிருக்கும்."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில், வேறொன்றும் இல்லை. வாட்ச்மேன் இரண்டு பேரும் தோற்றுவிட்டதாக நினைத்து, அடுத்த தடவை ஆகிவிடும் மேடம் என்று ஹிந்தியில் தேற்றினார்.

திங்கட்கிழமை குர்லாவில் செல்வி ஏறும்போதே பெட்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கிளிப்காரி பாப்பாவுக்கு என்று ஒரு பட்டாம்பூச்சிக் கிளிப்பைச் செல்வியின் பையில் செருகினாள். அப்புறம் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தோற்றதையும் காரணத்தையும் சொன்னேன். பெட்டி கொதித்துவிட்டது. ஏ.சி.யை அவ்வளவு குளிராக வைத்தவர்கள் மேல் உடனே கேஸ் போடு என்று ஒரே குரலில் சொன்னது. பெட்டி சொன்னதால் அந்த விடையை அப்போதே நீக்கிவிட்டேன்.

செல்வி இன்றைக்கும் வாஷியில்தான் இருக்கிறாள், துறைக்கு அவள்தான் தலைவி, சாயங்காலம் காப்பகம் சாத்துவதற்குள் போய்விடுகிறாள். நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆனாலும் காலையில் வடாலாவில் வண்டி ஏறுகிறேன். வாஷி வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். வேலையே இல்லாதவளுக்கு சர்டிபிகேட் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கடைசிக் கொத்துக் கேள்விகளை இரண்டு தடவையும் நான் பார்க்கவே இல்லை, அதில் என்னதான் கேட்டிருந்தார்கள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் சரியில்லை. இப்போது செல்வி வாசிக்கிறாள், நான் விடை சொல்கிறேன். நான் மழையை இழுத்துக்கொண்டு வந்தால் அவள் இருமுகிறாள்.

அடுத்த தடவை உங்களோடு நானும் எழுதுகிறேன். அறைக்குள் வயசான ஒருத்தியைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். இந்த முறை வாசலிலேயே நன்றாக இருமிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.